கேட்காமல் விற்ற குதிரை

மிச்சித்மா உலான்பாதரில் கல்லூரி சேரக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தில் யாரும் வழிப்பயணம் தொடங்கமாட்டார்கள். ஆனால் புதன்கிழமை வந்து பெயரைப் பதியும்படி கல்லூரி சொல்லியிருந்தது. நகரத்துக்குப் போகும் வண்டியும் செவ்வாய் காலையில்தான் வரும். தாய் தோல்கோர் அதற்கு ஒரு வழி செய்தாள். திங்கட்கிழமை, நாள் நன்றாக இருக்கும்போதே, மகளின் பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூப்பிடு தூரத்திலிருந்த பக்கத்துக் கூடாரத்தில் வைத்துவிட்டு வந்தாள். பை வீட்டைவிட்டுப் போனால் ஆள் போன மாதிரிதான். பயணம் திங்களன்றே தொடங்கிவிட்டது. செவ்வாயன்று நடப்பது அதன் மிச்சம்.

பக்கத்துக் கூடாரம் தோல்கோரின் பெரியப்பா மகன் புன்சாக்குடையது. அவருடைய மனைவி செர்மா பையை வாங்கி, விருந்தாளிகள் உட்காரும் மேற்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தாள்.

"ராத்திரிக்கு இதுக்கு டீ ஊத்தணுமா, இல்ல கறி சூப்பே கொடுக்கணுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை வண்டி வந்து நின்றபோது மிச்சித்மா அதை நோக்கிப் போகவில்லை. கட்டுத்தறியில் நின்ற ஷர்காவிடம் போனாள். ஷர்கா என்பது குதிரையின் நிறம். வெளுத்த வைக்கோல் நிறம். அங்கே குதிரைகளுக்குத் தனியாகப் பெயர் வைப்பதில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி, வண்டிக்காரனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆட்டை வித்துக்கோ, மாட்டை வித்துக்கோ அம்மா. ஷர்கா மேல மட்டும் கை வச்சேன்னா, படிப்பை விட்டுட்டு வந்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"உன் குதிரையை இங்க யாரு கேட்டா? ஏறு, வண்டிக்காரர் காத்துட்டிருக்கார்" என்றாள் தோல்கோர்.

மகளின் ஒரு கன்னத்தை மோந்து, மறு கன்னத்தைத் திரும்பி வரும் நாளுக்கென்று விட்டு, வண்டியேற்றினாள். வண்டி மேட்டைத் தாண்டி மறையும்வரை மரக்கரண்டியால் பாலை வாரி அது போன திசையில் தெளித்துக்கொண்டே நின்றாள். அன்று முழுவதும் கூடாரத்தைப் பெருக்கவில்லை.

அந்தக் குதிரை உண்மையிலேயே மகளுடையதுதான். மிச்சித்மாவுக்கு இரண்டு வயதில் முதல் முடி எடுத்தபோது, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு கொத்து முடி வெட்டி, ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஒருவர் செம்மறிக் குட்டி, இன்னொருவர் ஒரு பொட்டலம் மிட்டாய். புன்சாக் மட்டும், கொஞ்சம் குடித்திருந்ததால், அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெட்டைக் குதிரைக்குட்டியையே கொடுத்துவிட்டார். அப்படிக் கொடுத்தது பிள்ளைக்குச் சொந்தம். அது ஈனுவதும் பிள்ளைக்குச் சொந்தம். பெற்றவர்கள் மேய்க்கலாம், பால் கறக்கலாம். பிள்ளையைக் கேட்காமல் விற்கக் கூடாது. எங்கும் எழுதி வைத்ததல்ல, ஆனால் மீறியவர்களைப் பற்றி ஊர் பல வருஷம் பேசும். அந்த முதல் குதிரை கிழடாகி இறந்தபோது அதன் தலையைத் தாயும் மகளும் சேர்ந்து மலையுச்சிக் கற்குவியலில் கொண்டுபோய் வைத்தார்கள். நேசித்த குதிரையின் தலையைத் தரையில் போடுவதில்லை. அதன் கடைசிக் குட்டிதான் ஷர்கா.

மிச்சித்மாவின் அப்பா கம்பளி வாங்க வந்த லாரிக்காரன். இரண்டு வசந்தம் வந்தான். மூன்றாம் வசந்தத்தில் அதே லாரியை வேறொருவன் ஓட்டிவந்தான். தோல்கோர் ஒரு தடவை விசாரித்தாள், பிறகு விட்டுவிட்டாள். அதற்காக அவளை யாரும் ஒதுக்கவில்லை. லாரி நின்ற இடத்தில் ஒரு கூடாரம் முளைத்துவிட்டது என்று செர்மா கேலி செய்வாள், அவ்வளவுதான். தோல்கோருக்குக் கஷ்டம் பேச்சில் இல்லை, வேலையில் இருந்தது. ஆணும் பெண்ணும் பங்கிட்டுச் செய்யும் வேலையை ஒருத்தியே செய்ய வேண்டும். ஆற்றுப் பனியை உடைத்து நீர் காட்டுவது, ஓநாய் வராமல் காவல் இருப்பது, வருஷத்துக்கு நான்கு தடவை கிடை மாற்றுவது. கூடாரத்தின் கூரை வளையத்தைத் தூக்கும்போது மட்டும் புன்சாக்கைக் கூப்பிடுவாள்.

அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள். மந்தைகள் கூட்டுறவிடமிருந்து குடும்பங்களின் கைக்கு வந்த வருஷம், மேய்க்க ஆள் வேண்டுமென்று பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவள் குறைசொல்லி யாரும் கேட்டதில்லை. மகள் கட்டடப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்றபோது, கட்டடம் என்றால் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தவிர வேறென்ன இருக்கிறது என்று புன்சாக் கேட்டார். தோல்கோர் மறுநாளே நல்ல செம்மறிகளாகப் பிரித்துத் தனியாக நிறுத்தினாள்.

கல்லூரிக் கட்டணம் வருஷத்துக்கு இரண்டு தடவை. இலையுதிர் காலத்துக் கட்டணத்துக்குச் செம்மறிகள் போயின. வசந்த காலத்துக் கட்டணம் வெள்ளாட்டின் உள்மயிரிலிருந்து வந்தது. ஆட்டைச் சாய்த்துக் கால்களைக் கட்டி, இரும்புச் சீப்பால் அந்த மென்மயிரைச் சீவி எடுப்பார்கள். நாள் பூராவும் குனிந்து சீவினால் மணிக்கட்டு வீங்கிவிடும். புன்சாக் வேலியில் சாய்ந்து நின்று, இந்த ஆடு எந்தப் பாடம் என்று கேட்பார்.

"இது கணக்கு அண்ணே. கிட்டப் போனாலே முட்டுது."

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. மகள் விடுமுறையில் வந்தால் வரைபடச் சுருள்களைக் கூடாரத்தின் நடுவில் விரித்துக் காட்டுவாள். தோல்கோருக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் அடுப்புச் சாம்பல் அதன்மேல் பறந்து விழாமல் பார்த்துக்கொள்வாள்.

மூன்றாம் வருஷம் இரும்பு ஜூத் என்கிற பனிப்பஞ்சம் வந்தது. கோடையில் மழை இல்லாமல் புல் குட்டையாகவே நின்றுவிட்டது. இலையுதிர் காலத்தின் கடைசியில் மழை பெய்து அப்படியே உறைந்தது. புல் கண்ணாடிக்குள் வைத்ததுபோலக் கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு எட்டவில்லை. ஆடுகள் குளம்பால் பனிக்கட்டியைப் பிறாண்டிப் பிறாண்டி ரத்தம் வடிய நின்றன. தோல்கோர் பழைய கம்பளங்களை வெட்டி மாடுகளுக்குச் சட்டைபோலத் தைத்துக் கட்டினாள். நிற்க முடியாத குட்டிகளைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து தன் படுக்கைக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடத்தினாள். காலையில் எழுந்ததும் முதலில் உள்ளே இறந்தவற்றைத் தூக்கி வெளியே போடுவாள், பிறகு பட்டியில் இறந்தவற்றை இழுத்து அதன்மேல் அடுக்குவாள். புன்சாக்குக்கும் அதே கதி. இரண்டு வீட்டாரும் அந்தக் குளிர்காலத்தில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

குளிர் தணியும்போது மந்தை என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. பிழைத்த ஆடுகள் மயிர் உதிர்ந்து, தொட்டாலே விழுவதுபோல் நின்றன. வங்கியில் மேய்ப்பர்களுக்குக் கடன் உண்டு, கால்நடைமேல். அவளிடம் எத்தனை மிஞ்சியது என்று கேட்ட வங்கிக்காரர், அவள் சொன்னதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தக் கட்டணம் கட்டாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். மிச்சித்மா ஏற்கெனவே மாலை வேளைகளில் ஒரு கொழுக்கட்டைக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அது சாப்பாட்டுக்கும் விடுதிக்குமே பற்றவில்லை.

பிழைத்தவற்றில் விலைபோகக்கூடியது ஒன்றே ஒன்று. ஷர்கா சினையாக இருந்தது. அதன் தாய் ஈன்ற இரண்டு ஆண் குட்டிகள் மாகாணப் பந்தயங்களில் ஓடியவை. அடுத்த வட்டத்தில் பந்தயக் குதிரை வளர்க்கும் கோம்போ பல வருஷமாக அதை வளைத்து வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகளைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் தோல்கோர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினாள். போன் எடுத்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி ஷர்கா எப்படி இருக்கிறது என்பது. அடுத்து, தான் நன்றாக யோசித்துவிட்டதாகவும், இந்த மாதத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வந்து அம்மாவோடு மறுபடி மந்தை சேர்க்கப் போவதாகவும் சொன்னாள். குரலில் வருத்தம்கூட இல்லை, தீர்மானித்துவிட்டவளின் குரல். தோல்கோர் இன்னும் ஒரு வாரம் பொறு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அன்றே கோம்போவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

கோம்போ முறையாகத்தான் வந்தார். மூக்குப்பொடிக் குப்பியை நீட்டி, குளிர்காலம் நல்லபடியாகக் கழிந்ததா என்று கேட்டார். பட்டிக்கு வெளியே குவிந்து கிடந்ததை இருவரும் பார்க்காததுபோல், நல்லபடியாகக் கழிந்தது என்று அவளும் சொன்னாள். இரண்டு கிண்ணம் உப்புத் தேநீர் குடித்த பிறகுதான் அவர் பேச்சை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே தங்கச்சி. இது உன் குதிரையா, பொண்ணோட குதிரையா?"

"என் பட்டியிலதானே நிக்குது."

"அதைக் கேக்கல."

"பொண்ணோடதுதான்."

"அவ சரின்னாளா?"

தோல்கோர் அவருடைய கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"சொன்னா" என்றாள்.

விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. கோம்போ தான் கொண்டுவந்திருந்த தலைக்கயிற்றை மாட்டினார். தோல்கோர் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டாள். குதிரையை விற்கலாம், தலைக்கயிற்றை விடக் கூடாது. விட்டால் வீட்டின் யோகமும் கூடவே போய்விடும். பிடரியில் ஒரு கொத்து மயிரைக் கத்தரித்துத் தலைக்கயிற்றில் முடிந்து, மடித்து, பெட்டிக்குள் வைத்தாள். அதற்குள் ஷர்காவை லாரியில் ஏற்றிவிட்டார்கள். அது உள்ளே காலை உதைத்துக்கொள்வது கேட்டது.

கட்டணம் கட்டியாயிற்று என்று சொல்ல மறுபடி மேடு ஏறினாள். புன்சாக் மாமா கொடுத்தார் என்றாள். மாமாவிடம் ஏது என்று மகள் கேட்டாள். அதற்கு என்னவோ சொல்லிச் சமாளித்தாள். உடனே ஷர்கா எப்படி என்றாள் மகள். தோல்கோர் அந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. குளிர்காலம் மற்றவற்றை என்ன செய்ததோ அதுதான் வாயில் வந்தது.

"போயிடுச்சு கண்ணு. சினையா வேற இருந்துச்சா, தாங்கல."

 மறுமுனையில் கொழுக்கட்டைக் கடையில் யாரோ கூப்பிடுவது கேட்டது, போன் நின்றுவிட்டது. மிச்சித்மா திரும்பி வரவில்லை. தேர்வு எழுதினாள்.

கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாக ஒப்புக்கொள்ளும்படி தோல்கோர் புன்சாக்கிடம் கேட்டுக்கொண்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். "ஆடு மேய்ச்சா சாயங்காலம் பட்டியில அடைச்சுட்டுப் படுக்கலாம். பொய்யை எங்க கொண்டுபோய் அடைப்பே?" என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

கோடையில் மிச்சித்மா வந்தாள். இளைத்திருந்தாள். செர்மா புளித்த குதிரைப்பாலை அவள் மறுக்க மறுக்க ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலை மிச்சித்மா பைக்குள்ளிருந்து ஒரு நீலப் பட்டுத்துணியை எடுத்தாள். கடைக்கூலியில் வாங்கியது, நல்ல பட்டு.

"அம்மா, ஷர்கா தலையை எங்க வச்சே?"

தோல்கோர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இறந்ததாகச் சொன்ன குதிரைக்கு ஒரு தலை வேண்டும் என்பது அந்த நிமிஷம்வரை அவளுக்குத் தோன்றவே இல்லை. பனியில், பசியில், மற்ற எல்லாவற்றையும் யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை. கரண்டியால் மலையைக் காட்டி, மேலே என்றாள். நானும் வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மிச்சித்மா தனியாக ஏறிப்போனாள். வெயில் சாயத் தொடங்கியபோது இறங்கி வந்தாள். துணி கையிலேயே இருந்தது.

"அங்க பழைய தலை ஒண்ணுதான் இருக்கு அம்மா."

ஓநாய் உருட்டிக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். மகள் நம்பாவிட்டாலும் அதற்குமேல் கேட்டிருக்கமாட்டாள். தோல்கோர் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து தலைக்கயிற்றை எடுத்து, இரண்டு கையாலும் மகளிடம் நீட்டினாள். மிச்சித்மா அதில் முடிந்திருந்த மயிரைப் பார்த்தாள். விற்ற குதிரையின் மயிரைத்தான் அப்படி முடிவார்கள்.

"யாருக்கு?"

"கோம்போவுக்கு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ வந்திருப்பே."

"வந்திருப்பேன்தான்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் எழவில்லை. நெருப்பில் பால் சிந்துவது பெரிய குற்றம். அதைக்கூட அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

"வித்ததை விடு" என்றாள் மிச்சித்மா. "உசிரோட நிக்கற ஒண்ணைப் போய் செத்துப்போச்சுன்னு எப்படிச் சொன்னே? நான் அங்க மாவு பிசைஞ்சுக்கிட்டே அழுதிருக்கேன். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது உன் வாயாலதான்."

 தோல்கோர் பயந்ததும் அதற்குத்தான். அந்தச் சொல்லைச் சொன்ன நாளிலிருந்து, கோம்போவின் பக்கமிருந்து யார் வந்தாலும் குதிரை நலமா என்று சுற்றி வளைத்து விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மிச்சித்மா மறுநாளே கிளம்பினாள். அன்று என்ன கிழமை என்று யாரும் பார்க்கவில்லை. தோல்கோர் பால் தெளித்தாள். மகள் கன்னம் காட்டவில்லை. படிப்பைத் தொடரப் போகிறாளா, விட்டுவிடப் போகிறாளா என்று கேட்கத் தாய்க்குத் துணிவில்லை.

சில நாள் கழித்துக் கோம்போ வந்தார். இந்தத் தடவை மூக்குப்பொடிக் குப்பியைச் சரியாக நீட்டவில்லை.

"உன் பொண்ணு வந்தா. டீ குடிக்கல, உக்காரல. நேரா மந்தைக்குள்ள போய் ஷர்கா கழுத்துல நீலத் துணியைக் கட்டிட்டுப் போயிட்டா."

தோல்கோர் தேநீர்க் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"துணி கட்டினதை இனி விக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. வானத்துக்கு விட்டதா ஆயிடும். லாமா வந்து ஓதிக் கட்டினாத்தான் கணக்குன்னு என் பொண்டாட்டி சொல்றா. அப்ப நீயே போய் அவுத்துடுன்னா, அவளே கிட்டப் போகமாட்டேங்கறா." அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "சரின்னு சொன்னான்னு நீ சொன்னியே தங்கச்சி."

"சொல்லல. நான் கேக்கல."

 கோம்போ பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. தன் மகன்கள் சுரங்கத்துக்குப் போய்விட்டார்கள், வெள்ளாடு மேய்க்க ஆளில்லை, வந்து மேய்த்தால் உள்மயிரில் பாதி என்றார். இரக்கத்தில் சொன்னாரா, நஷ்டத்தை வேலையாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னாரா, அவருக்கே தெரிந்திருக்காது. அதுவரை சொந்த மந்தைக்காரியாக இருந்தவள் இலையுதிர் காலத்தில் கூடாரத்தைப் பிரித்து ஏற்றி, அவருடைய குளிர்காலப் பட்டிக்குக் கூலிக்கு மேய்ப்பவளாகப் போனாள். மகளின் படிப்பைக் காட்டி மந்தையைத் தின்றுவிட்டாள் என்று வழியில் பேசினார்கள். அவள் காதுபடவே பேசினார்கள்.

முன்பணமாக வாங்கியதை உடனே மகளின் கல்லூரிக்கு அனுப்பினாள். மேடு ஏறிக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டாள். ஆனால் அனுப்பிய பணம் திரும்பி வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு இருந்த சேதி அது ஒன்றுதான். பிறகு நகரத்திலிருந்து வந்த செர்மாவின் தங்கை மகள் சொன்னாள், கல்லூரி வாசலில் மிச்சித்மாவைப் பார்த்தாளாம், கையில் வரைபடச் சுருள் வைத்திருந்தாளாம். தோல்கோர் அந்தச் சுருள் எவ்வளவு பெரியது என்று கேட்டாள். அந்தப் பெண் கையை விரித்துக் காட்டினாள்.

பட்டமளிப்பு ஜூன் மாதம் நடந்தது. தோல்கோரை யாரும் அழைக்கவில்லை. போகவில்லையா என்று, பார்க்க வந்த செர்மா கேட்டபோது, ஆடுகள் குட்டி போடும் நேரம் என்றாள். குட்டி போடும் காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. செர்மா காய்ந்த தயிர்க்கட்டியை ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள்.

ஷர்கா கோம்போவின் மந்தையில் குட்டிகள் ஈன்று, நீலத் துணி வெளிறி நூல்நூலாகி விழும்வரை உயிரோடு இருந்தது. தோல்கோர் தினமும் அதைக் கடந்துதான் ஆடுகளை ஓட்டிப் போவாள். கிட்டப் போனதில்லை. மிச்சித்மாவுக்கு நகரத்தில் வேலை கிடைத்தது. புதுவருஷத்துக்குப் போன் செய்தாள். முறையாக உடம்பை விசாரித்தாள், குளிரை விசாரித்தாள். இரண்டொரு தடவை வந்து தங்கியும் போனாள். குதிரை என்ற சொல் மட்டும் இருவர் பேச்சிலும் வரவில்லை. அப்படியே வருஷங்கள் போயின.

ஒரு வசந்தத்தில், வழிதவறிய ஆடுகளைத் தேடி மேடு ஏறியிருந்தபோது, அங்கிக்குள்ளிருந்த போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தோல்கோர் மெதுவாகப் படித்தாள்.

"அம்மா, எங்க ஆபீசுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பொண்ணு, படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போறேன்னு இன்னைக்கு வந்து நின்னா. அவங்கம்மா தனக்காக மாட்டை விக்க வேணாம்ங்கறா. உக்கார வச்சு நல்லாத் திட்டினேன். திட்டி முடிச்சப்புறம் எனக்கு வேலை ஓடல. நீ கேட்டிருந்தா நான் விக்க விட்டிருக்க மாட்டேன். செத்துப்போச்சுன்னு சொன்னதுக்கு இன்னும் மனசு ஆறல. வித்ததுக்கு ஆறிடுச்சு."